இவர் கூட்டிச் சொன்ன வயசுகள்

2003 ஆவணி 4, திங்கள். ஈப்பர், பெல்ஜியம்

கொப்பி சுகிர்தா வாங்கித் தந்தது. "அம்மா, ஒவ்வொரு நாளும் என்ன பாத்தீங்கள், என்ன சாப்பிட்டீங்கள் எண்டு எழுதுங்கோ. வந்து எனக்கு வாசிச்சுக் காட்ட வேணும்" என்றாள். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட தாய்க்கு மகள் வீட்டுப்பாடம் தருகிறாள். தரட்டும்.

முதல் நாள் பாடம்: விமானத்தில் கோழி என்று ஒன்று தந்தார்கள். அது கோழிதானா என்பது அதைச் சமைத்தவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

மற்றச் சனம் லீவு என்றால் லண்டனில் மச்சாள் வீடு, பாரிசில் உயரக் கோபுரம் என்று போகும். என் மனுசன் என்னைச் சுடலை பார்க்கக் கூட்டி வந்திருக்கிறார். இரண்டு உலக யுத்தத்திலும் கனடாப் பொடியள் சண்டை பிடித்து விழுந்த இடமெல்லாம் பார்க்க வேண்டுமாம். பிரஜாவுரிமைச் சோதனைக்குப் படித்த புத்தகத்தில் பிடித்த பைத்தியம் இது. எல்லாரும் சோதனை முடிந்த அன்றே அதை மறந்து போனார்கள். இவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நூலகத்தில் இருந்து அதைத்தான் வாசித்தார்.

ஆனால் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் கனடாவுக்கு வந்து இறங்கிய பனிக்காலத்தில் தன் வீட்டு பேஸ்மென்டை எங்களுக்கு வாடகைக்குத் தந்தவர் கோர்டன் ஐயா. அவருடைய தமையன் லெனர்ட் 1944இல் நோர்மண்டியில் செத்தவர். யுத்தம் முடிந்த பிறகு, அவருடைய சுடலைக் கல்லில் கடைசி வரி என்ன வெட்டலாம் என்று தாயிடம் கேட்டு எழுதினார்களாம். தாய் பதில் அனுப்பினா. என்ன அனுப்பினா என்று சாகும் வரைக்கும் ஒருவருக்கும் சொல்லவில்லை. கோர்டன் ஐயாவுக்கு இப்போது இருதய வருத்தம், விமானம் ஏற முடியாது. "சபா, நீ என் கண்ணாகப் போய் வாசித்து வந்து சொல்லு" என்று இவரிடம் கேட்டார். கடைசியாகப் பார்க்கப் போவது அந்தக் கல்.

வாசிப்பது இவர் பொறுப்பு. பேக்கரியில் பெட்டிக்குப் பெட்டி லேபல் ஒட்டுகிற வேலை என்பதால் ஏ, பி, சி ஒவ்வொன்றாய் எனக்கும் தெரியும். அவை பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் என்னோடு கோபம். இலக்கம் நன்றாகத் தெரியும்.

இங்கே வவுனியா வெயில்.

ஆவணி 5, செவ்வாய்

காலையில் பெரிய சுடலை ஒன்று. வயல் முழுக்க வெள்ளைக் கல் நட்ட மாதிரி. நான் வாசலில் நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. என் அப்பாவுக்கே நான் வீட்டுப் படலையோடு நின்றவள்.

"உள்ள வாருமப்பா. ஒருத்தரும் கடிக்க மாட்டினம்."

"நீங்கள் போய்ச் சொல்லுங்கோ, பூரணம் வெளியில நிக்கிறா, எல்லாரையும் சுகம் விசாரிச்சவ எண்டு."

போய் வந்தார். முக்கால்வாசிக் கல்லில் பெயரே இல்லையாம். கடவுளுக்குத் தெரிந்தவன் என்று மட்டும் எழுதியிருக்கிறதாம்.

"அவ்வளவு பேரையும் கடவுள் ஞாபகம் வைச்சிருப்பாரோ?"

"நான் போன வருசம் மறந்த கலியாண நாளை நீர் ஞாபகம் வைச்சிருக்கேல்லையோ. அது மாதிரித்தான்."

பின்னேரம் ஊர் நடுவில் ஒரு பெரிய வளைவு வாசல். உடல் கிடைக்காத ஆட்களின் பெயர் சுவர் முழுக்க. தினமும் எட்டு மணிக்கு ஊதுகுழல் ஊதுகிறார்கள். இவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். நான் அவருடைய வழுக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயிலில் சிவந்து போயிருந்தது. எண்ணெய் பூச வேண்டும்.

வாசலில் நின்றாலும் சுடலை சுடலைதான். வந்து தலைமுழுகினேன்.

ஆவணி 6, புதன்

ஹோட்டல் அறையில் ரைஸ் குக்கர் போட்டேன். அந்த மாடி முழுக்கக் கரண்ட் போய்விட்டது. முதலாளி மேலே வந்து ஒவ்வொரு கதவாய்த் தட்டினார். நான் குக்கரைப் போர்வைக்குள் விட்டு, வருத்தக்காரி மாதிரிப் பக்கத்தில் படுத்திருந்தேன். சோறு அரைவேக்காடு. சம்பலோடு சாப்பிட்டோம்.

ஆவணி 7, வியாழன். விமி, பிரான்ஸ்

குன்றின் மேல் வெள்ளைக் கல்லில் இரண்டு தூண். இது சுடலை இல்லை, மண்டபம் என்று இவர் சத்தியம் பண்ணியதால் கிட்டப் போனேன். முன்னால் ஒரு கல் மனுசி தலை குனிந்து நிற்கிறா. கனடாதான் அந்த மனுசியாம், பிள்ளைகளை நினைத்து நிற்கிறாவாம். எனக்கு இரண்டு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பொம்பிளை மாதிரி இருந்தது. பிடித்துப்போனது.

சுற்றியுள்ள நிலம் மேடும் பள்ளமுமாய்ப் புல் மூடிக் கிடக்கிறது. வெடிக்காத குண்டு இன்னும் உள்ளே கிடப்பதால் மனிதர் இறங்கக் கூடாது. ஆடுகள் மேய்கின்றன. ஆட்டுக்கு வாசிக்கத் தெரியாது. யார் என்ன அறிவித்தல் போட்டாலும் அதற்குக் கவலையில்லை. என் கட்சி.

சுவரில் மறுபடியும் பெயர்கள். "வாசியுங்கோவன்" என்றேன். இவர் கோழி பார்க்கிற மாதிரித் தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு வாசித்தார். பிரண்டன், ஜேசன், கெவின், ரயன் என்று கடகடவென்று, வகுப்பில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி. கெவின் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறான். இவருடைய பஸ்ஸிலும் ஒரு கெவின் இருக்கிறான், வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுப்பவன். அதைச் சொல்லிச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. கட்டாயம் களைப்பாய் இருக்கும்.

ஆவணி 8, வெள்ளி

இன்று நானும் உள்ளே போனேன். கோதுமை வயலுக்கு நடுவே கையகலச் சுடலை, ரோசாச் செடி, தேனீ. இதற்குப் பயந்தால் வெட்கம்.

இவர் முதல் கல்லில் கையை வைத்து, "பிரண்டன். வயசு இருபத்திநாலு" என்றார்.

கல்லில் 19 என்று இருந்தது.

அடுத்த கல். "ஜேசன், இருபத்தேழு." கல்லில் 20.

அடுத்ததற்கும் இன்னும் இரண்டுக்கும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். நான் ஓம் ஓம் என்றேன்.

வெயிலில் கல்லும் அலையடிக்கும் போல.

ஹோட்டலுக்கு வந்து இவருடைய மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. இரண்டு சோடி சொக்ஸும் ஒரு சேட்டும் தோய்த்தேன்.

ஆவணி 9, சனி. தியெப்

ஒன்றும் நடக்கவில்லை.

இவர் வாடகைக் காரை ஓட்டிக்கொண்டு வர, ஒரு கிராமத்து ரோட்டில் ஒரு மனுசி சைக்கிளில் போனா, பின்னால் கூடையில் நீளப் பாண். நான் கத்தினேன். கார் நின்றது. மனுசி இறங்கி வந்து பிரெஞ்சில் நிறையச் சொன்னா. ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது.

"திடீரெண்டு எங்கால வந்தவ?" என்று இவர் கேட்டார்.

அந்த மனுசி கனநேரமாய் எங்களுக்கு நேர் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தவ.

தியெப் கடற்கரையில் மணல் இல்லை, முழுக்கக் கூழாங்கல். இரண்டாவது யுத்தத்தில் கனடாப் பொடியள் இதில் வந்து இறங்கி ஒரு காலைப் பொழுதுக்குள் அழிந்து போனார்களாம். கல்லில் நான் நாலு எட்டு வைப்பதற்குள் கால் புரண்டது. துவக்கோடு எப்படி ஓடினார்களோ.

சுகிர்தா, இந்தப் பக்கங்களை நான் உனக்கு வாசிக்க மாட்டேன்.

ஆவணி 10, ஞாயிறு

வயிற்றுக்குத்து என்று சொல்லிப் படுத்துவிட்டேன். காரில் ஏறினால் கூடும் என்றேன். இவர் சோடா வாங்கி வந்தார். குடித்தேன். வயிற்றில் ஒரு வருத்தமும் இல்லை.

படுத்துக்கொண்டு யோசித்தேன். புரட்டாதியில் பள்ளிக்கூடம் தொடங்கும். இவருடைய பஸ்ஸில் நாற்பது பிள்ளை ஏறும்.

ஆவணி 11, திங்கள்

கனடாக்காரரின் சுடலை ஊருக்கு வெளியே. வயிற்றுக்கு நடை நல்லது என்று சொல்லி, வெயில் ஏற முன் நடத்திக் கூட்டிப் போனேன். இங்கே கற்களை முதுகோடு முதுகாக நட்டிருக்கிறார்கள், கோபித்துக்கொண்டு படுத்த புருசன் பெண்சாதி மாதிரி.

இவர் வழக்கம்போல் முதல் கல்லுக்குக் கிட்டப் போனார்.

"நில்லுங்கோ. இண்டைக்கு நான் வாசிக்கிறன்" என்றேன்.

"நீரோ?"

"ஏன், நாலாம் வகுப்பெண்டால் இளக்காரமோ? கேளுங்கோ." கல்லுக்கு முன்னால் போய்த் தொண்டையைச் செருமினேன். "இவர் பேர் ஆறுமுகம். ஊர் கொக்குவில். வயசு தொண்ணூற்றிரண்டு. பிலாப்பழம் கூடச் சாப்பிட்டுச் செத்தவர்."

இவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த இடத்தில் அப்படிச் சிரிக்கக் கூடாது. வேறு ஒருவரும் இல்லை.

"அடுத்தவர் செல்லத்துரை. வயசு நூற்றிநாலு. மனுசியின்ர சமையலை ஒருநாளும் குறை சொல்லாதவர். அதாலதான் அவ்வளவு காலம் இருந்தவர்."

"கல்லில அப்பிடியே இருக்கு?"

"எழுத்துக்கு எழுத்து."

மூன்றாவது கல்லுக்குப் போனேன். "இவர் ஒரு பஸ் ட்ரைவர்" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை.

இவருடைய சிரிப்பு நின்றது.

"எப்ப தொடக்கம் உமக்குத் தெரியும்?"

"பத்தொன்பதை இருபத்திநாலு எண்டு வாசிச்ச அண்டைக்கு."

புல்லில் இருந்தோம். இவர் தொப்பியைக் கையில் சுற்றிச் சுற்றிச் சொன்னார். பனிக்காலம் முடிந்த கையோடு தொடங்கியதாம். சீனி வருத்தம் கண்ணுக்குப் போயிருக்கும், கண் டொக்டரிடம் போ என்று எங்கள் குடும்ப டொக்டர் சொன்னாராம். போகவில்லையாம். போனால் லைசென்ஸ் போய்விடும்.

"நடுவில கறுப்பாய் ஒண்டு நிக்குது. எதைப் பாக்கிறனோ அதுதான் இல்லை. சுத்தி எல்லாம் கிடக்கு. உம்மைப் பாத்தால் காது தெரியுது, தோடு தெரியுது. முகத்தைக் காணேல்லை."

"தோடு பவுன். அதையாவது விடாமல் பாருங்கோ" என்றேன். பிறகு கேட்டேன், "அப்ப அந்தப் பேருகள் எங்கால?"

"வாயில வந்தது பஸ் பிள்ளையளின்ர பேர்தான். ஒவ்வொரு நாளும் கூப்பிடுற பேர்."

"வயசு?"

"அதுகளுக்குப் பத்தும் பன்னிரண்டும். கல்லில கையை வைச்சுக்கொண்டு அப்பிடிச் சொல்ல வாய் வரேல்லை. கூட்டிச் சொன்னனான்."

நான் ஒரு புல்லைப் பிடுங்கி நாலாய்க் கிழித்தேன்.

"சத்தி எடுக்கிற கெவினையும் தாட்டுப்போட்டீங்களே" என்றேன்.

பகிடியாகத்தான் சொன்னேன். இவர் அடிவாங்கிய மாதிரி எழும்பி, வரிசையின் அந்தத் தொங்கலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஆவணி 12, செவ்வாய்

கார் போய்விட்டது. ஹோட்டல்காரப் பெண் போன் பண்ண, வாடகைக்குத் தந்தவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். இவர் கார்த் திறப்பைக் கொடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

ரயிலில் சண்டை. மெல்லிய குரலில், பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சிரித்த முகம் காட்டிக்கொண்டு.

"இஞ்ச தெரியாத ரோட்டு. அதால குடுத்தனான். பஸ் வேற. அந்த ரோட்டு எனக்கு மனப்பாடம்."

"ரோட்டு மனப்பாடம். குறுக்க ஓடுற பிள்ளை?"

"ஒரு வருசம் ஓடினால் காணும். சுகிர்தாவும் சட்டம் படிச்சு முடிச்சிடுவாள்."

"அவள் படிச்சு முடிச்சு வந்து உங்களுக்காக வழக்குப் பேசட்டும்."

"நீர் ஒரு நாளைக்காவது பகிடி விடாமல் கதைப்பீரோ?"

"பகிடி விடேல்லை" என்றேன்.

கான் நகரத்தில் இறங்கினோம். மத்தியானம் முட்டை ரொட்டி. உப்புக் காணாது.

ஆவணி 13, புதன். நோர்மண்டி

டாக்ஸியில் போனோம். கடலுக்குக் கிட்ட, உயர்ந்த நிலத்தில், சுற்றிவரக் கோதுமை வெட்டிய வயல். எல்லாக் கல்லிலும் ஒரே மேப்பிள் இலை. லெனர்ட் கிடக்கிற பகுதியைக் கோர்டன் ஐயா சொல்லி விட்டிருந்தார். ஆனால் அந்தப் பகுதியே எங்கள் தெருவளவு நீளம்.

இவர் நடுவில் நின்றார். கையில் என் குடை. எங்கே பார்ப்பது என்று தெரியாத ஆளாய் நின்றார்.

"அவையின்ர குடும்பப் பேர் என்ன எழுத்து?" என்றேன்.

"ஹோல்ட். எச், ஓ, எல், டி."

நான் முன்னே நடந்தேன். இவர் குடையை எனக்கு மேலே பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். எச் எழுத்தில் தொடங்கும் கல்லெல்லாம் என்னை ஏமாற்றின. ஒன்றில் எச், ஓ வந்து பிறகு டபிள்யூவாய்ப் போனது. கண்டபோது நான் உடனே சொல்லவில்லை. எழுத்தெழுத்தாய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"வயசு?"

"இருபத்தொண்டு."

"உண்மையோ?"

"இந்தக் கல்லுக்குப் பொய் சொல்ல மாட்டன்."

கடைசி வரி கீழே, புல்லோடு. முழங்காலில் இருந்தேன். "ஜி. ஓ. ஆர். டி. ஓ. என்."

"அது கோர்டன். அவற்ற பேர் ஏன் இதில? திரும்பப் பாரும்."

திரும்பப் பார்த்தேன். அதே ஆறு எழுத்து. பிறகு அடுத்தது, அடுத்தது. இடைவெளி வந்தால் "இடம்" என்று சொன்னேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு, நான் கொடுக்கக் கொடுக்க வாய்க்குள் கோத்துக்கொண்டு நின்றார். எழுத்தெல்லாம் நான்தான் தூக்கிக் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முடிந்தது என்றேன். இவர் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னப்பா எழுதியிருக்கு?"

"கோர்டன் வளந்திட்டான். உன்ர கோட் அவனுக்கு இப்ப அளவு." கொஞ்சம் பொறுத்து, "அவ்வளவுதான்" என்றார்.

பக்கத்துக் கல்லில் என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்க்கவில்லை.

டெலிபோன் பெட்டிக்கு நடக்கும்போது இவர் தானாகவே சொன்னார், "கெவினின்ர தாய் பனிக்காலத்தில ஒவ்வொரு நாளும் அவன்ர கோட்டைக் கழுத்துமட்டும் பூட்டிப்போட்டுத்தான் பஸ்ஸில ஏத்திவிடுவா. எனக்குக் கை காட்டுவா." எனக்குப் பகிடி ஒன்று வந்தது, விழுங்கிவிட்டேன்.

இவர் போனில் அந்த வரியைச் சொன்னதும் கோர்டன் ஐயா திரும்பச் சொல்லச் சொன்னாராம். பழுப்புக் கோட்டாம். ஒவ்வொரு மாரி தொடங்கவும் தாய் அவரைக் கதவோடு நிறுத்தி அதைப் போட்டுப் பார்ப்பாவாம். புதுக்கோட் வாங்கக் கஞ்சத்தனம் என்று நினைத்துத் தாயோடு சண்டை பிடித்தவராம். "நான் அவவோட கடைசி மட்டும் சண்டை பிடிச்சனான் சபா" என்றாராம்.

போனை வைத்தார். கார்டை எடுக்கவில்லை. இன்னொரு இலக்கம் அடித்தார், விரலால் பொத்தானைத் தடவித் தடவி. ஆங்கிலத்தில் பேசினார். வேகமாய்ப் பேசுகிற மனுசன் மெதுவாய்ப் பேசினார். எனக்கு விளங்கியது ஒரு சொல். கண்.

வெளியே வந்தார்.

"ஆர்?"

"பஸ் கொம்பனி. புரட்டாதிக்கு ஆளைப் பாக்கச் சொன்னன்."

"ஏன் எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவை. சொன்னன். கண் டொக்டரிட்ட இவ்வளவு நாளும் ஏன் போகேல்லை எண்டு போனில கதைச்ச பெட்டையும் என்னைப் பேசுது."

"அவளின்ர பேர் என்ன? சுகிர்தாவின்ர கலியாணத்துக்குக் கூப்பிடுவம்."

"கலியாணம் எங்க வந்தது?"

"வரும். இனி நீங்கள் வீட்டில சும்மாதானே இருக்கப் போறீங்கள், மாப்பிளை பாருங்கோ. அரைவாசி தெரியாட்டில் நல்லது, ஒருத்தரையும் குறை சொல்ல மாட்டீங்கள்."

சிரித்தார். ரோட்டோரத்தில் நின்று முகத்தைத் துடைத்தார். நான் அந்தப் பக்கம் திரும்பி டாக்ஸியைத் தேடினேன்.

ஆவணி 14, வியாழன். பாரிஸ் போகும் ரயில்

சுடலைக்குப் போய் வந்தும் தலைமுழுகவில்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.

முப்பது வருடத்தில் எந்த வண்டியில் ஏறினாலும் ஜன்னல் பக்கம் இவர்தான். பஸ்காரனுக்கு ரோட்டைப் பார்க்காவிட்டால் தலை சுற்றுமாம். இன்று ஏறியதும் ஒதுங்கி நின்று, "நீர் உள்ளுக்குப் போம்" என்றார். இருந்தேன். இவர் என் பக்கத்தில் இருந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"வெளியில என்ன?"

"மாடு" என்று சொல்லிவிட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

"என்ன மாடு? எத்தினை? படுத்திருக்கோ, நிக்குதோ?"

தலையை நிமிர்த்தினேன். அந்த மாடுகள் போய்விட்டன. இப்போது ஒரு ஆறு, பாலம், ஒரு கிழவர் தூண்டிலோடு. எழுதி முடிக்க முன்னம் அவரும் போய்விடுவார். இவர் காத்துக்கொண்டிருக்கிறார். கொப்பியை மூடுகிறேன்.